எண்பது டிகிரித் தீர்மானம்

சாந்த்த ருஃபினா தேசியப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வுக்குக் கேள்வி எழுதுகிறவர்களை மூன்று நாள் பூட்டி வைப்பார்கள். வேளாண் துறையின் பழைய கட்டடம், வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள், ஜன்னலுக்கு ஜன்னல் பலகை. உள்ளே போகும்போது கைபேசி, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள். இடுப்பு சிறுத்த இயற்பியல் ஆசிரியர் ஒருவர் மூன்று நாளும் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மின்சுற்று வரைந்தார். வெளியே போகும் எச்சில் தட்டுகளைப் போலீஸ்காரர் குச்சியால் கிளறிப் பார்ப்பார், மிச்சச் சோற்றுக்குள் யாராவது விடையைப் புதைத்து அனுப்பிவிடக் கூடாதே என்று. நாங்கள்தான் கேள்வி எழுதினோம் என்பதை உயிரோடு இருக்கும்போதும் செத்த பிறகும் யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செத்த பிறகு எப்படிச் சொல்வது என்று கேட்ட வேதியியல்காரரை மறுபடி அவர்கள் கூப்பிடவே இல்லை.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பெயர் எலெயுத்தேரியோ சுங்கா. அந்த மார்ச் மாதம் சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் விழுந்தது. சத்தியம் செய்தேன், பெல்ட்டைக் கொடுத்தேன், உள்ளே போனேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் நாற்பத்தேழாவது கேள்வியை எழுதினேன். ஒரு வட்டம், பரிதியில் A, B என்று இரண்டு புள்ளிகள், நடுவில் எண்பது டிகிரி வில். மையத்திலிருந்து அந்த இரண்டு புள்ளிகளுக்கும் கோடு இழுத்தால் கோணம் எவ்வளவு? விடை எண்பது. திருத்துகிறவர்களுக்கான விடைத்தாளில் ‘C, 80’ என்று எழுதி வைத்தேன். சேர்க்கைக் குழுத் தலைவர் டாக்டர் செமினாரியோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“மையத்துல வெச்சா கழுதைகூட சொல்லிடுமேய்யா, சுங்கா. புள்ளியைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளுங்க.”

தள்ளினேன். மையத்தில் இருந்த புள்ளியை அழித்து எதிர்ப்பக்கப் பரிதியில் வைத்தேன். அப்படித் தள்ளினால் கோணம் பாதியாகிவிடும். எண்பது, நாற்பதாகும். இது இரண்டாயிரம் வருடமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். படத்தை மாற்றினேன். விடைத்தாளை மாற்ற ரப்பரைக் கையில் எடுத்த நேரத்தில் வாசலிலிருந்து போலீஸ்காரர் கத்தினார்: “செக்கோ வந்தாச்சு!”

செக்கோ என்றால் எங்கள் ஊரில் இளம் ஆட்டுக்கறிக் குழம்பு, சோளக் கள்ளில் ஊறவைத்து, கொத்தமல்லி அரைத்துவிட்டு, பீன்ஸும் சோறுமாக. முந்தின நாள் முழுக்க எங்களுக்கு வேகவைத்த மரவள்ளிதான். இயற்பியல்காரர் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். தொடைக்கறி எனக்குத்தான் கிடைத்தது. நன்றாக இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலமே முடிவுகளைச் சுவரில் ஒட்டினார்கள். செவிலியர் படிப்புக்கு இருபத்தைந்து இடம். இருபத்தாறாவதாக இருந்த பெயர் டாலிலா யார்லெக்கே.

டாலிலாவை ஊரில் பலருக்குத் தெரியாது. காலையில் மாம்பழக் கிடங்கில் பெட்டி அடுக்குவாள், மத்தியானம் என் பள்ளியில் நான் நடத்தும் பயிற்சி வகுப்புக்கு வருவாள். இது அவளுக்கு மூன்றாவது முயற்சி. “இன்னும் ஒரு தடவ எழுதிக்கோ. அதுவும் ஆகலேன்னா லிமாவுல உன் சித்தி வீட்டுக்குப் போய் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்,” என்று பட்டியலைப் பார்த்த அன்றே அவள் அம்மா சொல்லிவிட்டார். அந்த அம்மா வாய் தவறி எதையும் சொல்கிறவர் இல்லை.

பரிதிக் கோணத்தை நான் பலகையில் நடத்துவதில்லை. பள்ளி மைதானத்தில் பெரிய வட்டம் போட்டு, அதன் ஓரத்தில் இரண்டு கம்பம் நட்டு, பிள்ளைகளை நடக்கவிடுவேன். மையத்தில் நின்று இரண்டு கம்பத்துக்கும் கை நீட்டு. இப்போது எதிர் ஓரத்துக்குப் போ, மறுபடி நீட்டு. இரண்டு கைக்கும் நடுவில் உள்ள விரிவு பாதியாகச் சுருங்கியிருக்கும். ஓரத்தில் எங்கே நகர்ந்தாலும், அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நுழையாதவரை, அதே பாதிதான். போன வருடம் டாலிலா அந்த வெயிலில் வட்டத்தின் ஓரமாகவே கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். “எங்க போனாலும் மாறலியே சார்!” என்று கூவினாள். இருபத்தாறு வருடத்தில் அப்படிக் கூவின பிள்ளைகள் மூன்றோ நாலோ இருக்கும்.

நாற்பத்தேழாம் கேள்விக்கு அவள் நாற்பது என்று குறித்திருந்தாள். அவளைவிட ஒரே ஒரு கேள்வி அதிகம் வாங்கி இருபத்தைந்தாம் இடத்தைப் பிடித்தவன் எவெர் சாபாத்தா. அவனும் என் மாணவன்தான். எங்கள் ஊரில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்களைப் பிடித்து மொட்டையடித்து, தலையில் முட்டை உடைத்து, சாயம் பூசுவார்கள். மறுநாள் எவெர் அந்த மொட்டைத் தலையோடு, காதில் முட்டை ஓடு ஒட்டியபடி, என்னைக் கட்டிப்பிடிக்க வந்தான்.

“எல்லாம் உங்களாலதான் சார்!”

“நாப்பத்தேழுக்கு என்னடா போட்டே?”

“எண்பது சார். படத்துலயே எண்பதுன்னு எழுதியிருந்துச்சே. கண்ணால பார்த்ததை எழுதினேன்.”

அன்று சாயங்காலம் பயிற்சிக்கூடங்கள் எல்லாம் விடைப் பிரசுரம் அச்சடித்துத் தெருவில் கொடுத்தன. எல்லாவற்றிலும் நாற்பது. அப்போதுதான் எனக்கு ரப்பர் ஞாபகம் வந்தது. விடைத்தாளில் இருந்த எண்பதை நான் அழிக்கவே இல்லை.

மறுநாள் காலை பல்கலைக்கழகத்தின் மனு வாங்கும் ஜன்னலுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மா நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

“பாதிக்கப்பட்டவரு யாரு?” என்றார்.

“பாதிச்சவன் நான்மா.”

“பாதிச்சவங்களுக்கு ஃபாரம் கிடையாது. பாதிக்கப்பட்டவங்களுக்குத்தான் உண்டு. அதுவும் தீர்ந்துபோச்சு.”

“நாப்பத்தேழாம் கேள்வி எழுதினது நான்தான்மா. விடை தப்பு.”

அவர் சாயம் காயாத விரல்களோடு காதைப் பொத்திக்கொண்டார். “ஐயோ சாமி, இதை நான் கேக்கவே இல்ல. கேள்வி எழுதினவரு யாருன்னு யாருக்குமே தெரியாது. யாருக்குமே தெரியாதவரு எப்படி என் ஜன்னலுக்கு வருவாரு? நகருங்க, பின்னாடி ஆளு நிக்குது.” பின்னால் யாரும் நிற்கவில்லை.

டாக்டர் செமினாரியோவிடம் போனேன். அவர் கதவைச் சாத்தி, எனக்குக் காப்பி சொல்லி, கனிவாகவே பேசினார்.

“இங்க பாருங்க சுங்கா, நீங்க எழுதல. பல்கலைக்கழகம் எழுதிச்சு. பல்கலைக்கழகத்தால தப்பு செய்ய முடியாது. ஏன்னு கேளுங்க. தப்பு செஞ்சா மேல்முறையீடு வேணும். எங்க விதியில மேல்முறையீடே கிடையாது. அப்போ தப்பும் கிடையாது. சரிதானே?” காப்பியை என் பக்கம் நகர்த்தினார். “அப்புறம் அந்தச் சத்தியம். அதை மீறினா வாத்தியார் வேலை போகும், போலீஸ் கேஸ் வரும். உங்களுக்கு ரெண்டு பொண்ணு இல்ல?”

எனக்கு இரண்டு பெண்கள்தான். காப்பியைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்ததும் என் மனசில் முதலில் வந்தது வெட்கம் என்று சொல்ல ஆசை. வந்தது நிம்மதி. சொல்லிப் பார்த்தாயிற்று, அவர்கள் கேட்கவில்லை, நான் என்ன செய்ய? வீடு போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் நிம்மதியாக நடந்தேன்.

அதன் பிறகு நான் செய்தது இன்னும் மோசம். டாலிலாவுக்காக மனு எழுதிக் கொடுத்தேன். அழகான மனு, நாலு பக்கம், படத்தோடு. எழுதியது யார் என்ற ஒன்றைத் தவிர அதில் எல்லாம் இருந்தது. அவளோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். அவள் அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோளக் கள் ஊற்றிக் கொடுத்தார்.

“இந்த ஊர்ல எங்களுக்காகப் பேசறது நீங்க ஒருத்தர்தான் சார்.”

குடித்தேன். இரண்டாவது குவளையும் குடித்தேன்.

மனுவைப் பரிசீலிக்க ஐந்து பேர் குழு போட்டார்கள். குழுவில் கணக்குத் துறை ஆள் கிடையாது, பாரபட்சம் வந்துவிடும் என்று. கால்நடை மருத்துவர் ஒருவர், வழக்கறிஞர் இரண்டு பேர், விழாப் பிரிவு அதிகாரி, நூலகர். பொது மண்டபத்தில் தேசிய கீதம் பாடி, கேள்வித்தாளை மேசை மேல் விரித்து, நோட்டரி ஒருவர் முன்னிலையில் கோணத்தை அளந்தார்கள். நானும் டாலிலாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பிரதி எடுத்துப் பிரதி எடுத்து அந்த வட்டம் முட்டை மாதிரி நசுங்கியிருந்தது. கால்நடை மருத்துவர் கோணமானியை வைத்துக் குனிந்து பார்த்தார்.

“அறுபத்தொண்ணு,” என்றார்.

மண்டபத்தில் சலசலப்பு. கொடுத்திருந்த ஐந்து விடைகளிலும் அறுபத்தொன்று இல்லை. வழக்கறிஞர் எழுந்தார்.

“ரொம்ப சுலபம். அறுபத்தொண்ணுக்கும் நாப்பதுக்கும் இருபத்தொண்ணு வித்தியாசம். அறுபத்தொண்ணுக்கும் எண்பதுக்கும் பத்தொன்பதுதான். உண்மைக்குக் கிட்ட இருக்கறது எண்பது. ரெண்டு டிகிரி வித்தியாசத்துல பல்கலைக்கழகம் ஜெயிச்சுது.”

கைதட்டினார்கள். டாலிலா எழுந்து நின்றாள்.

“ஐயா, படம் எப்படி இருந்தா என்ன? வில் எண்பதுன்னா ஓரத்துல பாதிதான். தேற்றம் அப்படித்தானே சொல்லுது?”

“எந்தத் தேற்றம்மா? நம்ம அரசிதழ்ல வந்திருக்கா?”

“அது... கிரேக்கர்கள்...”

“வெளிநாட்டுச் சட்டம். அதை நம்ம நாடாளுமன்றம் ஏத்துக்கிட்டதா ஒரு காகிதம் காட்டு, நான் உக்காந்துடறேன்.”

காகிதம் இல்லை. அந்த வாரமே பல்கலைக்கழக மன்றம் கூடித் தீர்மானம் போட்டது. மேலே ‘நீருக்கும் நேர்மைக்குமான ஆண்டு’ என்று அரசு அந்த வருடத்துக்கு வைத்திருந்த பெயர். கீழே ஒரே சரத்து: ‘இப்பல்கலைக்கழக எல்லைக்குள் பரிதிக் கோணம் அதன் வில்லுக்குச் சமம்.’

பாதிப்புகள் உடனே தெரிந்தன. முக்கோணத்தை வட்டத்துக்குள் வைத்தால் அதன் மூன்று கோணங்களும் மூன்று வில்லையும் முழுசாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் முக்கோணத்துக்கு இனி முந்நூற்று அறுபது டிகிரி. செங்கோணம் நிமிர்ந்து நூற்றெண்பதாகப் படுத்துவிடும். புதிய ஆய்வுக்கூடத்தின் மூலைகள் என்ன ஆகும் என்று கட்டடக்கலைத் துறைத் தலைவர் பயந்தார். பதினோரு வருடமாக அந்தக் கட்டடம் கட்டப்படவே இல்லை என்பதால் பாதிப்பு எதுவும் இல்லை என்று பொறியியல் பிரிவு எழுதிக் கொடுத்தது.

துணைவேந்தர் விழா எடுத்தார். பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று உத்தரவு. அவர் பேசினார்:

“என் நிர்வாகத்துல முக்கோணத்தை ரெண்டு மடங்கா வளர்த்திருக்கோம். இந்த நாட்டுல வேற எந்தப் பல்கலைக்கழகமாவது செஞ்சிருக்கா? சில பேரு பாதி, பாதின்னு கத்தறாங்க. மையத்துல இருக்கறவங்களுக்கு முழுசாத் தெரியும், ஓரத்துல நிக்கறவங்களுக்குப் பாதிதான் தெரியும், இது அவங்க தேற்றமே சொல்லுதாமே! அப்போ யாரு பேச்சைக் கேக்கறது? நான் மையத்துல இருந்து பேசறேன். கேட்டுக்கோங்க.”

அவர் பேச்சில் சரியாக இருந்த ஒரே வாக்கியம் அந்தத் தேற்றத்தைப் பற்றியதுதான். நானும் கைதட்டினேன், எல்லோரும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்தது. இனி எண்பது என்றால் எண்பது என்றுதான் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் அடுத்த தேர்வில் தோற்பதற்கு ஆசிரியரே பொறுப்பு. செப்டம்பர் தேர்வில் நாற்பத்தேழாம் கேள்வி அப்படியே மறுபடி வரும், தீர்மானத்தைக் கௌரவிப்பதற்காக, என்று ஊரெல்லாம் பேச்சு.

பயிற்சி வகுப்பில் இருபத்து மூன்று பேர். பலகையில் வட்டம் போட்டேன், வில்லுக்கு எண்பது என்று எழுதினேன், ஓரத்தில் புள்ளி வைத்தேன். கை அங்கேயே நின்றது.

“என்ன போடணும் சார்?” என்றாள் டாலிலா.

“பரீட்சையில எண்பது போடுங்க.”

“ஆனா பாதிதானே சார்?”

“இடம் வேணும்னா எண்பது போடும்மா.”

அவள் என்னைப் பார்த்தபடியே நோட்டில் எழுதினாள். எழுதி முடித்து இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்று நான் வகுப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் சீட்டுக் குலுக்கவில்லை. டாக்டர் செமினாரியோவே போன் செய்தார். “போன தடவை உங்க கேள்வியில ஒரு தப்புகூட இல்லேன்னு குழுவே சொல்லிடுச்சு. உங்களை விட்டா யாரு?” மறுபடி சத்தியம், மறுபடி பெல்ட். நாற்பத்தேழாம் கேள்வியை அப்படியே எழுதினேன். ஒரு கணக்கில் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்தத் தடவை விடைத்தாளில் எண்பது என்று போட்டால், அது தப்பாகவே இருந்தாலும், டாலிலாவுக்கு இடம் கிடைக்கும். பழைய கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன்.

கடைசி நாள் மத்தியானம் டாக்டர் செமினாரியோ மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“அமைச்சகத்துலருந்து கடிதம் வந்துருச்சு. தீர்மானம் ரத்து. தேற்றத்தை மாத்தற அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தானாம், பல்கலைக்கழகத்துக்கு இல்லையாம். அவங்க மாத்தற வரைக்கும் பழையபடி பாதி. விடைத்தாள்ல நாப்பதுன்னு மாத்துங்க.”

“கேள்வியையே எடுத்துடலாமே, டாக்டர்!”

“ஆறாயிரம் பிரதி அச்சாயிடுச்சுய்யா.”

“அப்போ பிள்ளைங்ககிட்ட சொல்லணுமே! எண்பதுன்னு படிச்சிருக்காங்க!”

“அரசிதழ்ல வர்ற வரைக்கும் கடிதம் ரகசியம். வியாழக்கிழமை வருது.”

“பரீட்சை நாளைக்கு!”

“அதான் சொல்றேன், வியாழக்கிழமை வருதுன்னு.”

விடைத்தாளையும் ரப்பரையும் என் முன்னால் வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். அறையில் நான் மட்டும். எண்பது என்றே விட்டுவிடலாம். யாரும் பார்க்கவில்லை, போன தடவை மாதிரி மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்படி விட்டால் சுற்றறிக்கை எட்டாத ஊர்களில் சரியாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் எல்லோரும், போன தடவை டாலிலா விழுந்த மாதிரி விழுவார்கள். மாற்றினால் டாலிலா விழுவாள், அவளோடு என் வகுப்பின் மற்ற இருபத்திரண்டு பேரும். வெளியே செக்கோ வாசனை வந்தது. எனக்குப் பசிக்கவில்லை. எண்பதை அழித்தேன். நாற்பது என்று எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய சரியான விடைகளில் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியது வேறு எதுவும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். டாலிலா இருபத்தெட்டு.

திங்கட்கிழமை அவள் வகுப்பறைக்கு வந்தாள். பெட்டி கட்டியாயிற்றாம், புதன்கிழமை லிமாவுக்குப் பஸ். சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்தாளாம்.

“ரெண்டு தடவையும் நீங்க சொன்னதைத்தான் சார் எழுதினேன்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் எங்கே சறுக்கியது என்று தேடுகிற குரல்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “டாலிலா, அந்தக் கேள்வியை எழுதினதே நான்தான்.”

“எந்தத் தடவை சார்?”

“ரெண்டு தடவையும்.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓரத்துக்குத் தள்ளிய புள்ளி, ஆட்டுக்கறி, ஜன்னலம்மா, டாக்டரின் காப்பி, அரை மணி நேர நிம்மதி, அவள் அம்மா ஊற்றிய இரண்டு குவளை. அவள் திட்டினாலாவது தேவலாம் போலிருந்தது. சொல்லி முடித்ததும் நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

“எழுதிக் கொடுங்க சார். ஜன்னல்ல கொடுக்கறேன். பாதிக்கப்பட்டவ நான்தானே, ஃபாரம் இல்லேன்னு சொல்ல முடியாது.”

“அவங்க ஏத்துக்கவே மாட்டாங்கம்மா.”

“ஏத்துக்கலேன்னா அமைச்சகத்துக்கு. நீங்க எழுதுங்க.”

வேலை, போலீஸ், இரண்டு பெண்கள் எல்லாம் மனசில் வந்து நின்றன. இருந்தாலும் எழுதினேன். தேதி போட்டேன், வட்டம் வரைந்தேன், எதையும் விடவில்லை. இரண்டு தாளின் நாலு பக்கமும் நிறைந்தது. மனசு லேசான மாதிரி இருந்தது. மடித்து அவளிடம் நீட்டினேன்.

அவள் பிரித்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள்.

“கையெழுத்துப் போடலியே சார்,” என்றாள்.